தலைப் பொங்கல் சீரும் ஹெர்னியா பெல்ட்டும்

என்ன உடம்புக்கு என்று யார் கேட்டாலும் ‘வயிற்றில் சின்ன ஆபரேஷன்’ என்று சொல்வதாக எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அது வயிறு இல்லை. வயிறு முடிந்து தொடை ஆரம்பிக்கிற இடுக்கு. நாலு பேர் எதிரில் கை வைத்துக் காட்ட முடியாத இடம். அதைச் சொல்லக் கூசியதால்தான் சாகிற நிலைக்குப் போனேன். அதனால் இங்கே மட்டுமாவது மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் கடலூர்க்காரன். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த கடைசி வருஷங்களிலேயே வலது பக்கத்து இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வர ஆரம்பித்தது. நின்றால் வரும், இருமினால் வரும், மல்லாந்து படுத்தால் போய்விடும். இதற்குக் குடலிறக்கம் என்று பெயர். ஆஸ்பத்திரியில் ஹெர்னியா என்பார்கள். அடிவயிற்றுச் சுவரில் ஓரிடம் இளகிப்போய், அந்தச் சந்து வழியாகக் குடலில் ஒரு வளைவு தோலுக்கடியில் வந்து எட்டிப் பார்ப்பதுதான் அது. இந்த விளக்கமெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான்.

கடலூரில் வாங்கினால் தெரிந்தவன் யாராவது பார்த்துவிடுவான் என்று பாண்டிச்சேரி வரை பஸ் ஏறிப்போய் ஒரு பெல்ட் வாங்கி வந்தேன். இடுப்பைச் சுற்றி வரும் பட்டி, வீக்கத்தை அமுக்கிப் பிடிக்க ஒரு திண்டு. என் மனைவி வசந்தாவிடம் முதுகுவலிக்கு என்று சொன்னேன். அவளும் நம்பி, வாரத்துக்கு ஒருமுறை அதைத் துவைத்து வெயிலில் போடுவாள். ‘முதுகுக்கு எதுக்குங்க முன்னாடி மெத்தை வச்சிருக்கான்’ என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கம்பெனி டிசைனே அப்படித்தான் என்றேன். தினமும் மதியம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்து, விரலால் மெதுவாகத் தள்ளி அதை உள்ளே அனுப்பிவிட்டு எழுந்து வருவேன். இப்படியே வண்டி ஓடிவிடும் என்று நினைத்தேன்.

போன ஆனியில் என் மகள் பூங்கொடியைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை முரளி தங்கமான பையன். சம்பந்தி தெய்வசிகாமணி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கசங்காத வெள்ளைச் சட்டை, அளந்த பேச்சு. அவர் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு என் சட்டைக் காலர் அழுக்காக இருப்பதுபோலவே தோன்றும். அவர் ஒன்றும் சொன்னதில்லை, நானாக நினைத்துக்கொள்வதுதான்.

தை பிறந்தால் மகளுக்குத் தலைப் பொங்கல். போகியன்று சீர் எடுத்துக்கொண்டு நானும் வசந்தாவும் சின்ன வேனில் போய் இறங்கினோம். பித்தளைப் பானை, கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, பூசணிக்காய், ஒரு மூட்டைப் பச்சரிசி. கரும்பை டிரைவர் எடுத்துப் போனார். மாப்பிள்ளை கடையில் இருந்தார். சம்பந்தி வாசலில் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மஞ்சள் கொத்தைக்கூட வாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் தூக்கட்டும் என்று நிற்கிறார் போல என்று எனக்குச் சுருக்கென்றது.

“வையுங்க சம்மந்தி, பசங்க வந்து தூக்குவாங்க” என்றார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. சிப்காட்ல இதவிட ஜாஸ்தியா தூக்குனவன் நான்” என்று சொல்லி மூட்டையை அணைத்துத் தூக்கினேன். வாசற்படி ஏறும்போது பெல்ட்டுக்கு அடியில் பொதுக்கென்று ஏதோ இறங்கியது. முகத்தில் சிரிப்பு மாறாமல் மூட்டையைக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு வீடு முழுக்க உறவுக்காரர்கள். சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைக்கவில்லை. குளியலறையில் நின்றபடி தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. எப்போதும் இளக்கமாக இருக்கும் வீக்கம் கல்போல இருந்தது. மாலையில் தொப்புளைச் சுற்றி வலி வர ஆரம்பித்தது. வரும், முறுக்கும், விடும். மூச்சு வாங்குவதற்குள் மறுபடி வரும். மலம் இறங்கினால் சரியாகும் என்று எனக்கு நானே வைத்தியனானேன். சாமி பார்க்கப் போகிறேன் என்று வெளியே வந்து, கோயில் பக்கமே போகாமல் மெடிக்கல் ஷாப்பில் பேதி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டேன். தொழுவத்துக் கதவு பூட்டியிருக்கும்போது மாட்டை அடித்து ஓட்டிய கதை அது என்று பின்னால் டாக்டர் சொன்னார். அடைபட்ட குடல் மாத்திரையின் வேகத்தில் இன்னும் பலமாக முட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் காலை வாசலில் பூங்கொடி பானை வைத்தாள். கல்யாணமான பிறகு அவள் வைக்கும் முதல் பொங்கல். பால் பொங்கி வழிந்து எல்லோரும் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கூவுகிற நேரம், நான் கொல்லைப்புறக் கிணற்றடியில் குனிந்து பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என் நெற்றியை ஒரு கை பிடித்துக்கொண்டது. வசந்தா என்று நினைத்து நிமிர்ந்தால் சம்பந்தி. அவருடைய வெள்ளைச் சட்டையில் நான் எடுத்தது தெறித்திருந்தது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது.

முரளி காரை எடுத்தார். சம்பந்தி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மகள் சமைத்த பொங்கலை யாரும் வாயில் வைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் வந்தார். வயிறு பானைபோல உப்பியிருந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மோஷன் போச்சாங்க?”

கட்டிலின் ஒரு பக்கம் வசந்தா, மறு பக்கம் சம்பந்தி.

“போச்சுங்க.”

“காத்து பிரியுதா?”

சம்பந்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? “அது பாட்டுக்குப் போவுதுங்க” என்றேன்.

“வேற எங்கனா வீக்கம், கட்டி இருக்கா? வேட்டியக் கொஞ்சம் தளர்த்துங்க, பாத்துடறேன்.”

“அங்கல்லாம் ஒண்ணுமில்லீங்க. வயிறுதான்” என்று இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் கோபப்பட்டேன். ‘வயித்து வலின்னு வந்தா வேட்டிய அவுக்கச் சொல்றீங்க’ என்று குரலை உயர்த்தினேன். அந்தப் பையன் பாவம், என்னை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டுப் பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

வந்தவர் பெண் டாக்டர். நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டவர். பின்னால் மாணவர்கள் கூட்டம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிற்க வைத்து எடுத்த படம். குடலுக்குள் தண்ணீர் கீழேயும் காற்று மேலேயுமாக, ஒன்றன்மேல் ஒன்று படிக்கட்டு மாதிரி கோடுகள். குடல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

“காத்து போவுதுன்னு யாரு சொன்னது?” என்று கேட்டார். அவர் என் முகத்தையும் சம்பந்தி முகத்தையும் ஒருமுறை பார்த்தார். “கூட வந்தவங்கல்லாம் கொஞ்சம் வெளிய இருங்க.”

திரையை இழுத்தார்கள். வேட்டியைத் தளர்த்தினார்கள். பெல்ட் வெளியே வந்தது. வீக்கம் சிவந்து விண்ணென்று விறைத்திருந்தது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

“எத்தன வருஷமா இருக்கு?” என்றார். சொன்னேன். “அந்தக் காலத்துல எக்ஸ்ரே கெடையாது, ஸ்கேன் கெடையாது. டாக்டருக்குக் கை இருந்துச்சு, காது இருந்துச்சு, நோயாளியோட வாய் இருந்துச்சு. அந்த வாயை நம்பித்தான் இந்த வியாதிய கண்டுபுடிச்சாங்க. வலி, வாந்தி, உப்புசம், காத்து பிரியாதது. நாலையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு உடனே இடுக்கத் தடவிப் பாப்பாங்க. நீங்க வாயையும் மூடிட்டீங்க, இடுக்கையும் மூடிட்டீங்க.” திட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

மூக்கு வழியாக ஒரு குழாயை வயிற்றுக்குள் விட்டார்கள். குமட்டி, கண்ணில் தண்ணீர் கொட்டி, உள்ளே போனதும் பச்சைத் தண்ணீர் பையில் நிறைய ஆரம்பித்தது. வயிறு கொஞ்சம் இளகியது. சிறுநீருக்கு ஒரு குழாய், கையில் சலைன். கையெழுத்துப் போட வசந்தாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன பிறகு அவள் கட்டிலுக்கு வந்தாள். கையில் அந்த பெல்ட்.

“இது முதுகுக்குன்னீங்க.”

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“நான் யாருங்க உங்களுக்கு? ஊரு ஆளா?” என்றாள். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் பெல்ட்டை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டு என் காலைத் தடவிக்கொண்டு நின்றாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை.

ஆபரேஷன் அறையில் முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது; காது மட்டும் நன்றாகக் கேட்டது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் பேசிக்கொள்வது எல்லாம் விழுந்தது. வாய் குறுகலான அந்தச் சந்தில் சிக்கி இறுகியிருந்த குடல், ரத்த ஓட்டம் இல்லாமல் கறுத்திருந்தது. சந்தை வெட்டித் தளர்த்திவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தார்கள். பிறகு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“இன்னா மேடம் பண்றது?” என்று ஒரு குரல் கேட்டது.

“வெயிட் பண்றது. கலர் திரும்புனா இவரு குடல் இவருக்கே. திரும்பலன்னா அந்தத் துண்ட வெட்டி எடுக்கணும்.”

நான் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சாமி பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிப் போனது நினைவு வந்தது. அந்தச் சாமியையே இப்போது எந்த மூஞ்சியோடு கூப்பிடுவது? கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

“மேடம், செவக்குது” என்றது அதே குரல்.

“நெளியுது பாரு” என்றார் டாக்டர். எனக்கு அந்த இரண்டு சொல் போதுமானதாக இருந்தது.

வார்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான மானக்கேடு ஆரம்பித்தது. குடல் மறுபடி வேலை செய்கிறதா என்பதற்கு ஒரே சாட்சி காற்று பிரிவதுதான். அது பிரிகிற வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காலையில் நர்ஸ் கேட்பார், “காத்து போச்சா ஐயா?” மருந்து கொடுக்க வருகிறவர் கேட்பார். பெருக்க வருகிற அம்மாவும் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார். பக்கத்துக் கட்டிலில் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், எழுந்தவுடன் பல் தேய்க்கும் முன்பே விசாரிப்பார். பூங்கொடி வாய்விட்டுக் கேட்காமல் கண்ணாலேயே கேட்பாள். குமராட்சியில் இருக்கும் என் கொழுந்தியாள் போனில் கேட்க, வசந்தா வார்டு முழுக்கக் கேட்கும்படி ‘இன்னும் இல்லடி’ என்று பதில் சொன்னாள்.

டாக்டரம்மாவுக்கு மாணவர்களோடு சுற்றி வரும்போது கதை சொல்லும் பழக்கம். என் கட்டில் வந்தால் அதிகம் சொல்வார். என்னை வைத்துப் பாடம் நடத்துகிறார் என்று முதலில் குறுகிப்போனேன். பிறகு காது கொடுக்க ஆரம்பித்தேன்.

குடலடைப்பு மனிதனுக்குப் புதிதில்லையாம். ரொம்ப காலத்துக்கு முன்னால், மேற்கே இருந்த வைத்தியர்கள் துருத்தியைப் பின்வழியில் வைத்துக் காற்றடித்திருக்கிறார்கள், அடைப்பு விலகட்டும் என்று. நம் நாட்டுப் பழைய வைத்தியத்திலேயே தொப்புளுக்குக் கீழே ஓரமாகக் கீறி, குடலை வெளியே எடுத்து, அடைத்திருப்பதை நீக்கி, மறுபடி உள்ளே வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறதாம். குடலில் ஓட்டை இருந்தால் பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்க விட்டு, தலை மட்டும் தையலாக நிற்க, எறும்பின் உடம்பைக் கிள்ளி எடுத்துவிடுவார்களாம். கேட்டதும் என் தையல் நமநமத்தது.

“அப்புறம் பாதரசம்” என்றார். “கனமா இருக்குமில்ல, முழுங்குனா அந்தக் கனம் அடைப்ப இடிச்சுத் தள்ளிடும்னு ஒரு நம்பிக்க. புகையிலப் புகைய பின்னாடி ஊதி ஏத்திப் பாத்தாங்க. ஹெர்னியா மாட்டிக்கிச்சுன்னா ஆளத் தலகீழாத் தொங்கவிட்டு அமுக்குனாங்க. பேதிக்குக் குடுத்தாங்க, இவரு அவரே போட்டுக்கிட்டாரே, அது மாதிரி.” மாணவர்கள் சிரித்தார்கள். “வலி தாங்காம கத்துறவனுக்கு அபினி. வலி நிக்கும், ஆளு மட்டும் போயிடுவான். மயக்க மருந்தும் சுத்தமான கையும் வந்த பெறவுதான் வயித்தத் தைரியமாத் திறந்தாங்க. எக்ஸ்ரே அதுக்கப்புறம். இவரு மூக்குல கெடக்குற டியூபு, கையில ஏர்ற உப்புத் தண்ணி, இது ரெண்டும் வந்த பெறவு பொழச்சவங்கதான் ஜாஸ்தி.”

ஐரோப்பாவில் இந்த வியாதிக்கு ‘என் மேல் இரக்கம் வை’ என்று பொருள்படும் ஒரு பெயரே இருந்ததாம். மலநாற்றம் அடிக்கிற வாந்தியோடு கிடப்பவனுக்கு வேறு வைத்தியம் இல்லாததால் வைத்த பெயர். அவர்களுக்கு வழியில்லை, செத்தார்கள். எனக்கு எல்லா வழியும் ஒரு பஸ் தூரத்தில் இருந்தது. நான் அந்த பஸ்ஸில் ஏறிப்போய் பெல்ட் வாங்கி வந்தவன்.

சம்பந்தி தினமும் கடையை முரளியிடம் விட்டுவிட்டு வந்து ஸ்டூலில் உட்காருவார். பேச மாட்டார். என் துண்டை மடிப்பார், கொசு விரட்டுவார், சிறுநீர்ப் பை நிறைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்து நர்ஸைக் கூப்பிடுவார். அவர் குனியும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். வர வேண்டாம் என்று வசந்தா மூலமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘வீட்டுல உக்காந்து இன்னா பண்ணப் போறேன்’ என்று சொல்லிவிட்டாராம்.

அவர் ஸ்டூலில் இருக்கும்போதுதான் அது நடந்தது. வயிற்றுக்குள் ஏதோ உருண்டு கீழே இறங்கியது. அடக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அதற்குள் போய்விட்டது. சின்னச் சத்தம் இல்லை. மங்கலம்பேட்டைக்காரர் “போச்சு, போச்சு!” என்று கை தட்டினார். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டேன். ஓரத்தை விலக்கிப் பார்த்தபோது சம்பந்தி எழுந்து நின்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வது தெரிந்தது.

குழாய்களை எடுத்தார்கள். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி. வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன நாளில் வசந்தாவும் பூங்கொடியும் துணிகளை எடுத்து வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனார்கள். சம்பந்தி ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எதையோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமி, ஜன்னலைப் பார்த்தார்.

“சம்மந்தி, அந்த பெல்ட்டு... எங்க வாங்குனீங்க?”

“எதுக்குங்க?”

“சும்மாதான் கேட்டேன்.” காதுமடல் சிவந்துவிட்டது. குரலைத் தணித்தார். “படுத்தா உள்ள போயிடுது. நின்னா வருது. ஊட்ல யாருக்கும் தெரியாது. அதுவும் இதேதானா?”

போகியன்று வாசலில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாரே, அது திமிர் இல்லை. எதையாவது தூக்கினால் அது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒரு மஞ்சள் கொத்தைக்கூட அவர் தொடவில்லை. அதை மறைக்க அவர் விறைப்பாக நின்றார், அதைப் பார்த்து ரோஷப்பட்டு நான் மூட்டையைத் தூக்கினேன். இரண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

“இதேதான்” என்றேன்.

அந்த நேரம் டாக்டரம்மா மாணவர்களோடு வந்துவிட்டார். “இன்னா ஐயா, காத்து போவுதா, மோஷன் போச்சா?” என்று வழக்கமான கேள்வி.

“ரெண்டும் போச்சு மேடம்” என்று வார்டுக்கே கேட்கும்படி சொன்னேன். பிறகு, “எங்க சம்மந்தியையும் கொஞ்சம் பாக்கணும் மேடம்” என்றேன். போர்வைக்கடியில் அவர் என் கையைப் பிடித்து இறுக்கினார், சொல்லாதே என்று. நான் சொல்லிவிட்டேன். எந்த இடம் என்பதையும் சொன்னேன்.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். என் மறு பக்கத்தில் காலியாக இருந்த கட்டிலைக் காட்டி, “வந்து படுங்க, பாத்துடலாம்” என்றார். திரையை இழுக்கச் சொன்னார். மாணவர்களை நகரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்களும் கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாங்களேன். நடக்குறது நல்லதுதான்.”

நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். சம்பந்தி வேட்டிக் கட்டில் கை வைத்தபடி மல்லாந்து படுத்திருந்தார்.

“சம்மந்தி இருக்கட்டும் டாக்டர்” என்றார்.